நாள்பட்ட அஜீரணத்துக்குக் குறுஞ்செய்தி வழியாக விளக்கம்: எதை எழுதுவது, எப்போது அனுப்புவது?

வார்டு_விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். குடல்நோய் வெளிநோயாளிப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் எல்லோருடைய கருத்தும் வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நாள்பட்ட அஜீரணம். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, சாப்பிட்டு மணிக்கணக்காகியும் மேல்வயிற்றுக் கனம் இறங்குவதில்லை, அல்லது அதே இடத்தில் எரிச்சல், வலி. எண்டோஸ்கோபியில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. டாக்டர் விளக்கிச் சொல்கிறார், வெளியே வந்ததும் நானும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதற்றத்தில் அவர்கள் மனதில் பதிவது "ஒன்றும் இல்லையாம்" என்ற ஒரே வரிதான். வீட்டுக்குப் போனபின் மாத்திரையை எப்போது போடுவது, எத்தனை வாரம் போடுவது, மறுபடி வலித்தால் பயப்பட வேண்டுமா வேண்டாமா, எல்லாமே குழம்பிப்போகிறது. அடுத்த தடவை வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இதற்குக் குறுஞ்செய்தியைப் பயன்படுத்தலாம் என்று எங்கள் பிரிவில் பேச்சு ஓடுகிறது. ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம், பட்டன் போனிலும் வரும். இப்போதைக்கு இருக்கிற யோசனை: 12 வாரம், தினமும் காலையில் ஒரு செய்தி. உணவு, மாத்திரை, தூக்கம், மன அழுத்தம் என்று மாற்றி மாற்றி. இது சரியா? தினமும் வந்தால் படிப்பார்களா? இந்தத் தொந்தரவோடு வாழ்கிறவர்கள், மருந்துத் துறையில் இருப்பவர்கள், மென்பொருள் தெரிந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

மேடம், நோக்கம் நல்லது. ஆனால் ஒருவர் போனுக்கு ஒரு நாளில் வங்கி, கடன், சலுகை என்று எத்தனை குறுஞ்செய்தி வருகிறது? அந்தக் கும்பலில் இதுவும் ஒன்றாகப் போய்விடும். நோயாளிக்குத் தேவை டாக்டர் முகம் பார்த்துப் பேசும் இன்னும் ஐந்து நிமிடம். அதைக் கொடுக்காமல் செய்தி அனுப்பினால், "நம்மைப் பார்க்க இவர்களுக்கு நேரமில்லை" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

உள்நோக்கி

நானும் குடல்நோய்தான் பார்க்கிறேன். நேர்பேச்சு கேட்கிற ஐந்து நிமிடம் எனக்கும் வேண்டும். ஆனால் அரை மணி நேரம் பேசினாலும் வீட்டுப் படியேறுவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. அந்தப் பாதியைப் பிடித்துவைக்கத்தான் இது.

குறுஞ்செய்தியால் பலன் உண்டா என்று பார்த்தால், வேறு நோய்களில் நல்ல சான்று இருக்கிறது. சிட்னியில் இதய நோயாளிகள் 710 பேரிடம் நடந்த டெக்ஸ்ட் மீ ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வாரம் நாலு செய்தி, ஆறு மாதம். செய்தி பெற்றவர்களின் கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன, புகைப்பழக்கமும் குறைந்திருந்தது. அதற்கு முன் 2011-இல் பிரிட்டனில், புகையை விட விரும்பிய ஏறக்குறைய 5,800 பேரிடம் ஓர் ஆய்வு. ஆறு மாத முடிவில் செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்ற குழுவில் 4.9. எச்சிலைச் சோதித்து உறுதிசெய்த கணக்கு அது.

ஆனால் அந்த முறையை அப்படியே தூக்கி அஜீரணத்தில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். புகைப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகவே தெரியும், செய்வதுதான் கடினம். அஜீரணக்காரருக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. அவருக்கு வெறும் நினைவூட்டல் போதாது, விளக்கம் வேண்டும்.

புண் எதுவும் இல்லாத இந்த வகையைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறோம். இந்த வகை நோய்களை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கிற, 2016-இல் வந்த ரோம் 4 அளவுகோலின்படி, தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதம் அது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். சாப்பாடு உள்ளே இறங்கும்போது இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாகத் தளர்வதில்லை. சிலருக்கு இரைப்பை காலியாவது தாமதமாகிறது. சிலருக்கு அங்குள்ள நரம்புகள் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத விரிவைக்கூட வலியாக மூளைக்குச் சொல்கின்றன. எண்டோஸ்கோபி இரைப்பையின் உட்சுவரைக் காட்டும், அது வேலை செய்கிற விதத்தைக் காட்டாது. "உங்கள் வலி நிஜம், அதற்குக் காரணம் இருக்கிறது" என்ற செய்திதான் முதலில் போக வேண்டும். மாத்திரை நேரமெல்லாம் அப்புறம்.

மழைக்காலம்

பல வருடமாக இந்தத் தொந்தரவு எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் செய்தி என்பதை மட்டும் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். என் மாதிரி ஆட்களுக்கு நல்ல நாள் என்றால் என்ன தெரியுமா? வயிற்றை மறந்திருக்கிற நாள். எழுந்து, குளித்து, வேலைக்குக் கிளம்பி, மதியம் வரை வயிறு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராத நாள். அப்படிப்பட்ட காலையில் போன் ஒலித்து "இன்று உங்கள் வயிறு எப்படி உள்ளது?" என்று கேட்டால், கை தானாக மேல்வயிற்றுக்குப் போகும். அழுத்திப் பார்ப்பேன். லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான், மதியச் சாப்பாடு வரை அதே நினைப்பு. இது கற்பனை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். உள்நோக்கி சார் மேலே எழுதிய நரம்பு விஷயம்தான் இது. கவனம் போகப் போக உணர்ச்சியும் கூடுகிறது.

இன்னொன்று, தடைப் பட்டியல். எண்ணெய் வேண்டாம், காரம் வேண்டாம், காபி வேண்டாம், பால் வேண்டாம், கோதுமை வேண்டாம். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்றைச் சேர்ப்பார்கள், நீக்குகிறவர் ஒருவரும் இல்லை. ஒரு கட்டத்தில் சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது, எடை குறைந்தது, குறைந்த எடையைப் பார்த்து இன்னும் பெரிய பயம். உங்கள் செய்திகளிலும் "தவிர்க்கவும், தவிர்க்கவும்" என்றே வந்தால் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது போலத்தான். எனக்கு உதவிய ஒரே உணவு அறிவுரை, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகச் சாப்பிடச் சொன்னது. கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையில் நெடுநேரம் தங்கும் என்று காரணத்தோடு சொன்னார்கள், அதனால் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு பொருளைச் சந்தேகப்பட்டால் அதை மட்டும் சில வாரம் நிறுத்திப் பார்க்கவும், வித்தியாசம் இல்லையென்றால் மறுபடி சேர்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். "மறுபடி சேர்த்துக்கொள்" என்று அதுவரை யாருமே சொன்னதில்லை.

வார்டு_விளக்கு

மழைக்காலம், நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். அனுமதி உண்டுதானே?

மழைக்காலம்

தாராளமாக.

மருந்துச்சீட்டு

மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குறுஞ்செய்தி உண்மையில் பயன்படக்கூடிய இடம் மாத்திரைதான். ஆனால் "மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த நாளில் எந்தச் சந்தேகம் வரும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த நாளில் அந்தப் பதில் போய்ச் சேர வேண்டும்.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அமில மாத்திரைகளை (அமிலச் சுரப்பைக் குறைப்பவை) எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சாப்பிட்டு முடித்து, எரிச்சல் வந்தபின் போடுகிறார்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டிருக்கிற பம்பைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்தும், அந்தப் பம்புகளை எழுப்புவது சாப்பாடு. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரத்துக்குமேல் தங்காது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்கிறோம். முதல் நாளே முழுப் பலனும் வராது, சில நாள் தொடர்ந்து போட்டால்தான் தெரியும். ஆகவே இரண்டாம் நாள் செய்தி: "இன்னும் எரிகிறதா? முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், நிறுத்த வேண்டாம்." இந்த ஒரு செய்தி எத்தனையோ பேரைப் பாதியில் நிறுத்தாமல் காப்பாற்றும். அதேபோல, மாதக்கணக்கில் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் அமிலம் கூடுதலாகச் சுரக்கலாம். அவர்கள் நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். நிறுத்துகிற வாரத்தில் அதற்கும் ஒரு செய்தி வேண்டும்.

அடுத்தது இரைப்பையில் தங்குகிற எச். பைலோரி கிருமி. கிருமி இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 14 நாள், பல மாத்திரைகள். வாய் கசக்கும், வயிறு புரட்டும். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுவார்கள். கிருமி தப்பிவிடும், அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காது. பாதி நாள் கடந்ததும் ஒரு செய்தி, முடிக்கிற நாளில் ஒன்று. அப்புறம் கிருமி போய்விட்டதா என்று பார்க்கிற மூச்சுப் பரிசோதனைக்கு, ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நாலு வாரம் ஆகியிருக்க வேண்டும், அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் போய்ச் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். தேதி பார்த்துத் தானாகப் போகிற செய்திக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பாதீர்கள். "மலம் கறுப்பாகப் போனால் உடனே வாருங்கள்" என்பது சரியான அறிவுரை. ஆனால் அந்தக் கிருமிக்காக பிஸ்மத் என்ற மருந்து கலந்த சிகிச்சையில் இருப்பவருக்கும் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவருக்கும் மருந்தாலேயே மலம் கறுக்கும். அவருக்கு அந்தச் செய்தி போனால் மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவருவார். அவருக்குத் தனியாக எழுத வேண்டும்: நிறம் மட்டும் கறுத்தால் மருந்தால் இருக்கலாம், தார் போலப் பிசுபிசுப்பும் கடுமையான நாற்றமும் இருந்தாலோ, தலைசுற்றினாலோ, உடனே வர வேண்டும்.

நிரல்காரன்

தொழில்நுட்பப் பக்கம் ஒரு முக்கியமான கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் அனுப்பினால் யூனிகோடு, 70 இடம்தான். அதிலும் உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். "மாத்திரை" என்று எழுதினால் நம் கண்ணுக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 இடம். புதிய போன்கள் ஒட்டிக் காட்டிவிடும். சில பழைய போன்களில் துண்டு துண்டாக, வரிசை மாறிக்கூட வரும்.

எழுதிப் பார்த்தேன்: "மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள்." இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 59. ஒரு துண்டில் அடங்கிவிட்டது. ஆனால் "ஏன்" என்பதைச் சேர்க்க இடமில்லை. மருந்துச்சீட்டு சொல்கிற பம்பு விளக்கத்துக்கு மூன்று துண்டாவது வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள், மாத்திரைப் பெயரில் குழப்பம் வரும். வேண்டாம்.

நேர்பேச்சு

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். விளக்கம்தான் முக்கியம் என்கிறார் டாக்டர். விளக்கத்துக்கு இடமில்லை என்கிறார் நிரல்காரன். பிறகு எதற்கு இந்தப் பாடு?

உள்நோக்கி

விளக்கம் முழுவதையும் செய்தியில் திணிக்க வேண்டாம். முதல் சந்திப்பில் வாயால் சொல்வோம், கையில் ஒரு பக்கத் தாளும் கொடுப்போம். செய்தி அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்க்க வைக்கட்டும்: "சாப்பிட்டபின் எரிந்தால் தாளில் 3-ஆம் பகுதியைப் பாருங்கள்." நீங்கள் கேட்ட ஐந்து நிமிடம் அறையில் இருக்கும், அதற்குப் பின்னால் வருகிற 12 வாரத்துக்குத்தான் செய்தி.

மூத்தமகள்

என் அம்மாவுக்கும் நாள்பட்ட அஜீரணம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் எண்ணுக்கு வருகிற செய்தியை முதலில் பார்ப்பது வீட்டில் யார் கையில் போன் இருக்கிறதோ அவர்கள்தான். வயிற்றுக்காக டாக்டர் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பற்றி ஒரு செய்தி வந்து, அதைப் படித்த ஒருவர் இணையத்தில் தேடிப் பார்த்து, "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாயிற்றே" என்று வீடு முழுக்கச் சொன்னால் அம்மா அந்த மாத்திரையை அப்புறம் தொடவே மாட்டார். போன் பூட்டியிருந்தாலும் செய்தியின் முதல் வரி திரையில் தெரிகிறது. நோயின் பெயர், மருந்தின் பெயர் இரண்டையும் செய்தியில் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே குரலில் பதிவு செய்து அழைப்பாக அனுப்ப முடியுமா? அம்மா தனியாக இருக்கிற நேரத்தைக் கேட்டு அந்த நேரத்தில் வந்தால் இன்னும் நல்லது.

மருந்துச்சீட்டு

மூத்தமகள் தொட்டது பெரிய விஷயம். அந்த மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பது வயிற்று நரம்புகளின் கூர்மையைத் தணிக்க. முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் இருக்கும், பலனுக்கு வாரங்கள் பிடிக்கும். அதாவது தொந்தரவு முதலில், நன்மை பின்னால். நிறுத்திவிடுகிறவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில்தான் நிறுத்துகிறார்கள். பெயர் போடாமல் "இரவு மாத்திரையால் வாய் உலர்ந்தால் பயம் வேண்டாம்" என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது. இந்த மாத்திரை எதற்கு என்பதை மட்டும் டாக்டர் அறையிலேயே, வீட்டாரையும் வைத்துக்கொண்டு, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நிரல்காரன்

குரல் அழைப்பு செய்யலாம், கடினமில்லை. எழுத்தா குரலா, எந்த நேரம் என்று பதியும்போதே கேட்டுவிடலாம். "வேண்டாம்" என்று பதில் அனுப்பினால் உடனே நிற்கிற வசதியும் கட்டாயம் வேண்டும்.

உள்நோக்கி

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கென்யாவில் எச்ஐவி மருந்துக்காக நடந்த ஆய்வுகளைப் பாருங்கள். 2011-இல் வந்த ஒன்றில் சிலருக்குத் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், செய்தியே பெறாத குழுவில் 40. தினமும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை.

2010-இல் வந்த வெல்டெல் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. வாரம் ஒரு செய்தி, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும். நோய், மருந்து பற்றி ஒரு சொல்கூட இல்லை. நன்றாக இருக்கிறேன், சிரமமாக இருக்கிறது, இந்த இரண்டில் ஒன்றை 48 மணி நேரத்துக்குள் பதிலாக அனுப்ப வேண்டும். சிரமம் என்றவர்களையும் பதில் அனுப்பாதவர்களையும் ஊழியர் போனில் கூப்பிட்டுப் பேசினார். ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் செய்தி பெற்ற குழுவில் 57 சதவீதம், மற்றதில் 48. மழைக்காலம் சொன்ன குறையும் மூத்தமகள் சொன்ன குறையும் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடுகின்றன. வயிற்றை நினைவூட்டாது, திரையில் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

நேர்பேச்சு

மறுமுனையில் ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிறார் என்றால் என் எதிர்ப்பு பெருமளவு போய்விட்டது. ஆனால் அது யார்? வார்டு_விளக்கு ஏற்கெனவே ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். அவர் தலையிலேயே இதையும் வைத்தால் ஒரு மாதத்தில் பதில் போடுவது நின்றுவிடும். பதில் வராத செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கெடுதல்.

வார்டு_விளக்கு

உண்மை. வாரத்தில் இரண்டு மதியம் இதற்கென ஒருவரை ஒதுக்கினால்தான் தொடங்குவோம் என்று தலைமைச் செவிலியரிடம் சொல்லிவிட்டேன். ஒதுக்கவில்லை என்றால், பதில் கேட்காத செய்திகளோடு நிறுத்திக்கொள்வோம்.

தினசரிச் செய்தியை எடுத்துவிடுகிறேன். வாரம் ஒரு விசாரிப்பு, அதோடு மருந்துச்சீட்டு சொன்ன மாதிரி சிகிச்சையின் நாளுக்கு ஏற்ற செய்திகள் மட்டும். எழுதிப் பார்த்த சில:

"வலி நிஜம். ஸ்கோப்பில் தெரியாத காரணங்கள் உண்டு. தாளில் 1-ஆம் பகுதி."

"சில வாரம் நிறுத்தியும் மாற்றமில்லையா? அந்த உணவை மறுபடி சேருங்கள்."

"வேறு வலிக்கு மாத்திரை வாங்கும் முன் உங்கள் வயிற்றைப் பற்றிச் சொல்லுங்கள்."

மூன்றாவது, ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற, வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய வலி மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்களுக்காக. மூட்டுவலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று இரண்டு பேரிடம் மருந்து வாங்கி, ஒருவருக்கு மற்றவர் கொடுத்தது தெரியாமலே போகிற நோயாளிகளைத் தினமும் பார்க்கிறோம்.

மழைக்காலம்

இரண்டாவது செய்தியைப் படித்தபோது மனசு நெகிழ்ந்தது. அதை மாற்றாதீர்கள்.

உள்நோக்கி

ஆபத்து அறிகுறிகளை வாரம் வாரம் அனுப்ப வேண்டாம், பயம்தான் வளரும். தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ரத்த வாந்தி, தார் போன்ற மலம், ரத்தசோகை. 60 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக அஜீரணம் தொடங்கினால் செய்தித் திட்டத்தில் சேர்ப்பதற்கு முன் எண்டோஸ்கோபி பார்த்துவிட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்தியாகவும் போக வேண்டும். மாரடைப்பு சில சமயம் அஜீரணம் போலவே வரும். வருடக்கணக்காக அஜீரணம் இருப்பவர் "எப்போதும் வருவதுதானே" என்று படுத்துவிடுவார். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, இவற்றோடு வந்தால் செய்திக்குப் பதில் எதிர்பார்த்துக் காத்திருக்கவே கூடாது.

நிரல்காரன்

அப்படியானால் இரவு நேரத்தில் யாராவது "சிரமம்" என்று அனுப்பினால் தானாகப் போகிற பதிலில் அதைச் சேர்த்துவிடுகிறேன். ஆள் இல்லாத நேரத்தில் ஆள் இருப்பது போலக் காட்டக் கூடாது. இப்படி வைக்கலாமா? மூன்று துண்டு வரும், பரவாயில்லை:

"உங்கள் செய்தி வந்துவிட்டது. இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. அடுத்த அழைப்பு நாளில் கூப்பிடுவோம். வியர்வை, மூச்சுத்திணறல், ரத்த வாந்தி இருந்தால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்."

மூத்தமகள்

"அடுத்த அழைப்பு நாளில்" என்பதற்குப் பதிலாகக் கிழமையையே போடுங்கள். அம்மா கேட்கிற முதல் கேள்வி "என்றைக்குக் கூப்பிடுவார்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

நிரல்காரன்

சரி, கிழமையைத் தானாக நிரப்பும்படி மாற்றிவிடுகிறேன். குரல் பதிவிலும் அதேபோல. வார்டு_விளக்கு, எந்த இரண்டு மதியம் என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.